இடம் கிடைத்தது, பதில் சொல்லப் பணம் இல்லை

2024 ஜூன் 24ஆம் தேதி மாலை 5 மணி. தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் பிரிவில் ஒதுக்கப்பட்ட ஓர் இடத்தை உறுதி செய்வதற்கான காலக்கெடு அந்த நேரத்துடன் முடிந்தது. அந்த இடத்தைப் பெற்றிருந்தவர் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவர். தந்தை தினக்கூலித் தொழிலாளி. நாளொன்றுக்கு 450 ரூபாய் கூலி. இடத்தை ஏற்பதற்குச் செலுத்த வேண்டிய தொகை 17,500 ரூபாய். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் அது ஏறத்தாழ 39 நாள் கூலி. குடும்பத்திற்குக் கிடைத்த அவகாசமோ நான்கே நாட்கள். ஊராரிடம் திரட்டிய பணம் கைக்கு வந்தபோது காலக்கெடு முடியச் சில நிமிடங்களே இருந்தன. தொகையைச் செலுத்தி முடிப்பதற்குள் இணையவாசல் மூடிக்கொண்டது.

அதன் பிறகு மூன்று மாதங்கள் அந்தக் குடும்பம் அலைந்தது. தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம், ஜார்க்கண்டில் சட்ட உதவி, அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர்நீதிமன்றம், இறுதியில் உச்சநீதிமன்றம் என்று அந்தப் பயணம் நீண்டது. அந்த மாணவருக்கு அதுவே இரண்டாவதும் கடைசியுமான தேர்வு வாய்ப்பு. 2024 செப்டம்பர் 30 அன்று, அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவருக்குக் கூடுதல் இடம் ஒன்றை உருவாக்கிச் சேர்த்துக்கொள்ளுமாறு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. நாடே மகிழ்ந்தது.

மகிழ வேண்டிய தீர்ப்புதான். ஆனால் இது முதல் முறையல்ல. 2021இல், மும்பை ஐஐடியில் இடம் பெற்ற மற்றொரு தலித் மாணவர் உரிய நேரத்தில் பணம் கட்ட முடியாமல் இடத்தை இழந்தார். சகோதரியிடம் கடன் வாங்கிய பணத்தைச் செலுத்த முயன்றபோது இணையவழிப் பரிமாற்றம் தோல்வியடைந்தது. அவரும் மும்பை உயர்நீதிமன்றத்தில் தோற்று, உச்சநீதிமன்றத்தில், அதே 142ஆவது பிரிவின் கீழ்தான் இடத்தை மீட்டார். மூன்றே ஆண்டுகளில் இருமுறை ஒரே வகை அநீதிக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தனது அசாதாரண அதிகாரத்தைப் பயன்படுத்த நேர்ந்தது என்றால், பழுது மாணவர்களிடம் இல்லை, விதியில் இருக்கிறது. உச்சநீதிமன்றத்தின் படி ஏற முடிந்த இருவரின் கதை வெளியே தெரிந்தது. ஏற முடியாதவர்களின் கதை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மௌனம் மறுப்பாக எழுதப்படுகிறது

உயர்கல்விச் சேர்க்கை குறித்த விவாதம் இந்தியாவில் பெரும்பாலும் நுழைவுத் தேர்வோடு நின்றுவிடுகிறது. நீட் வேண்டுமா, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு தேவையா, இட ஒதுக்கீடு முழுமையாக நிரப்பப்படுகிறதா என்ற கேள்விகள் எழுப்பப்படுகின்றன. அவை இன்றியமையாத கேள்விகள். ஆனால் தேர்வு முடிந்து, தரவரிசை வெளியாகி, இடம் ஒதுக்கப்பட்ட பின்னர், அந்த இடத்தை ஏற்கிறேன் என்று மாணவர் சொல்வதற்கு இடைப்பட்ட அந்தச் சில நாட்களில் நடப்பது எவர் கவனத்திலும் படுவதில்லை. வர்க்கமும் சாதியும் மிக அமைதியாகத் தமது வேலையைச் செய்துமுடிக்கும் இடம் அதுவே.

ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கான கூட்டுக் கலந்தாய்வில் இடம் பெற்றவர், குறித்த நாளுக்குள் இணையத்தில் விருப்பத்தைத் தெரிவித்து, சான்றிதழ்களைப் பதிவேற்றி, கட்டணத்தைச் செலுத்த வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் இடம் பறிபோகும். அடுத்த சுற்றுகளிலும் அவர் பெயர் இருக்காது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொது இட ஒதுக்கீட்டு முறையிலும், ஒதுக்கப்பட்ட இடத்தைக் குறித்த காலத்திற்குள் ஏற்காதவர் அதனை மறுத்துவிட்டதாகவே கருதப்படுகிறார். பணம் கிடைக்காததால் பதில் சொல்ல இயலாதவரும், வேறு நல்ல இடம் கிடைத்ததால் வேண்டாம் என்றவரும் ஒரே பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். இடத்தைப் பறித்த விதி, அதனை மாணவரின் சொந்த விருப்பம் என்று பதிவு செய்துகொள்கிறது.

பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் எத்தனை பேர் படிப்பைப் பாதியில் விட்டனர் என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினால் அரசு ஏதோ ஓர் எண்ணையாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது. இடம் பெற்றும் வாசலைத் தாண்ட முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அந்த அளவுக்குக்கூடப் பதில் கிடையாது. அவர்கள் காலியிடக் கணக்கில் கரைந்துவிடுகிறார்கள். பின்னர், ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தகுதியானவர்கள் வரவில்லை என்று சொல்வதற்கு அதே காலியிடம் ஆதாரமாகிறது.

விலக்கும் வசூலும்

தன்பாத் வழக்கில் ஒரு முரண்பாடு கூர்ந்து பார்க்கத்தக்கது. 2016இல் ஐஐடிகளின் ஆண்டுப் பயிற்றுக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. எதிர்ப்பின் காரணமாகச் சில விலக்குகளும் அறிவிக்கப்பட்டன. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பயிற்றுக் கட்டணம் முழுமையாக விலக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய்க்கும் குறைவான குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. அதாவது அந்தத் தினக்கூலித் தொழிலாளியின் மகன் உள்ளே நுழைந்துவிட்டால் பயிற்றுக் கட்டணமாக ஒரு பைசாகூடச் செலுத்த வேண்டியதில்லை. உள்ளே நுழைவதற்குத்தான் 17,500 ரூபாய். சட்டம் விலக்களித்த மாணவரை விதிக்குறிப்பேடு வாசலில் நிறுத்தி வசூலிக்கிறது.

கல்வி உதவித்தொகையின் கதையும் இதுதான். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியல் சாதிக் குடும்பங்களின் மாணவர்களுக்கு, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் உண்டு. ஆனால் அந்தத் தொகை சேர்ந்த பிறகு வருவது. பல மாநிலங்களில் பல மாதங்கள் கழித்து வருவது. ஒன்றிய அரசின் பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பப்படும் முறை வந்த பின்னர், முதலில் நீ கட்டு, பிறகு பணம் வந்தால் எடுத்துக்கொள் என்று சொல்வது கல்லூரிகளுக்கு எளிதாகிவிட்டது. உதவித்தொகை வரும் வரை காத்திருக்கும் வசதி உள்ளவருக்கே உதவித்தொகை பயன்படும் என்ற நிலை உருவாகியுள்ளது.

இவ்விடத்தில் பாஜக அரசு முன்வைக்கும் தீர்வு கடன். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமித் திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட 860 நிறுவனங்களில் சேரும் மாணவர்களுக்குப் பிணையில்லாக் கடன் என்கிறது. 8 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு வட்டியில் 3 விழுக்காடு சலுகை. அதுவும் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு. சேர்க்கை உறுதியான பிறகே வங்கி கடன் தரும்; கட்டணம் செலுத்திய பிறகே சேர்க்கை உறுதியாகும். முதல் நான்கு நாட்களின் பணத்திற்கு அந்தக் குடும்பம் கந்துவட்டிக்காரரிடம்தான் செல்ல வேண்டும். நிறுவனங்களுக்கும் இதே மருந்துதான். உயர்கல்வி நிதியளிப்பு முகமை வழியாக, மானியத்தின் இடத்தில் கடன் வந்துவிட்டது. நிறுவனம் தன் சொந்த வருவாயிலிருந்து கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டுமெனில், அந்த வருவாய் மாணவரின் பையிலிருந்துதான் வர வேண்டும். வாசலில் கேட்கப்படும் கட்டணம் ஓர் அலுவலரின் கண்டிப்பு அல்ல. கல்விக்கான பொதுச் செலவிலிருந்து அரசு பின்வாங்குவதன் கடைசிக் கண்ணி அது. கோத்தாரி ஆணையம் 1966இல் பரிந்துரைத்த, தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு என்ற இலக்கை அறுபது ஆண்டுகளாக எந்த ஒன்றிய அரசும் எட்டவில்லை.

அரசின் தாமதம், தனியாரின் அறுவடை

பதிலளிக்கும் காலக்கெடு என்பது அரசு நிறுவனங்களுக்கு மட்டும் உரியதல்ல. தனியார் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வருவதற்கு முன்பே சேர்க்கைக் கடிதங்களை அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. குறித்த நாளுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்ற எச்சரிக்கையும் உடன் வருகிறது. மறுபுறம், 2022இல் பொது நுழைவுத் தேர்வு அறிமுகமான முதல் ஆண்டிலேயே அதன் முடிவுகள் செப்டம்பர் நடுப்பகுதியில்தான் வெளியாயின. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. மே மாதத்தில் தனியார் நிறுவனம் பதில் கேட்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் இடம் உண்டா இல்லையா என்பதை ஆகஸ்டில் சொல்கிறது. இடையில் ஒரு சிறு விவசாயியோ, அங்கன்வாடி ஊழியரோ, ஆட்டோ ஓட்டுநரோ என்ன முடிவெடுப்பார்? பிள்ளையின் ஓராண்டு வீணாகிவிடக் கூடாது என்ற அச்சத்தில் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுவார். அரசுத் தேர்வின் தாமதம் தனியார் முதலாளிகளுக்கு விளம்பரச் செலவில்லாத வரவு.

அந்த முன்பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு விதி இல்லாமல் இல்லை. சேர்க்கையின் அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக முழுத் தொகை, அதற்குப் பின் கடைசி நாள் வரை 90 விழுக்காடு, கடைசி நாளுக்குப் பின் 15 நாட்களுக்குள் 80 விழுக்காடு, 30 நாட்களுக்குள் 50 விழுக்காடு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கை வரையறுத்துள்ளது. மாணவரின் அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகுவோருக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று மானியக் குழு அறிவுறுத்தியது. ஆனால் இந்த விதிகள் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? தெரிந்தவரிடமும், அது திருப்பித் தர இயலாத தொகை என்று நீங்களே கையொப்பமிட்டுள்ளீர்கள் என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்புகிறார்கள். விதி தாளில் இருக்கிறது. பணமும் சான்றிதழும் நிறுவனத்தின் பெட்டியில் இருக்கின்றன.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ இடங்களுக்கான கலந்தாய்வில் பங்கேற்கவே 2 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கேட்கப்படுகிறது. நீட் தேர்வில் தகுதி பெற்றவர் அனைவரும் சமம் என்ற வாதம் அந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்யும் அரசியல் சாசனத் திருத்தம் 2005இலேயே நிறைவேறியது. அதனைச் செயலாக்கும் ஒன்றியச் சட்டமோ இன்று வரை இயற்றப்படவில்லை.

இடத்தை முடக்குபவர் யார்?

கட்டணமும் குறுகிய காலக்கெடுவும் இல்லையென்றால், ஒருவரே பல இடங்களைப் பிடித்து வைத்து, தகுதியுள்ள பிறருக்கு இடம் கிடைக்காமல் செய்துவிடுவார் என்று அதிகாரிகள் வாதிடுகின்றனர். இடங்களை முடக்குதல் உண்மையான பிரச்சனை. முதுநிலை மருத்துவச் சேர்க்கையில் நடக்கும் இடமுடக்கத்தைத் தடுக்க 2025இல் உச்சநீதிமன்றமே பல வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. அவற்றுள் ஒன்று கவனிக்கத்தக்கது: தனியார், நிகர்நிலை நிறுவனங்கள் பயிற்றுக் கட்டணம், விடுதிக் கட்டணம், வைப்புத்தொகை என அனைத்தையும் கலந்தாய்வுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது அது. எவ்வளவு செலவாகும் என்று தெரியாமலே மாணவர்கள் பதில் சொல்ல நிர்ப்பந்திக்கப்படுகின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பல இடங்களைப் பிடித்து வைக்கக்கூடியவர் யார்? ஐஐடியிலும் தனியார் பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டிலும் ஒரே நேரத்தில் முன்பணம் கட்ட முடிந்தவர். 17,500 ரூபாய் அவரைத் தடுப்பதில்லை. இழந்தாலும் அவருக்கு அது பொருட்டல்ல. ஒரே ஓர் இடத்தைப் பெற்று அதற்காகவே காத்திருப்பவரைத்தான் அது தடுக்கிறது. முடக்குபவருக்கு எதிராகப் போடப்பட்ட வேலி, முடக்க வழியே இல்லாதவரின் காலில் குத்துகிறது.

தன்பாத் வழக்கில், மாணவருக்குக் காலக்கெடு குறித்த நினைவூட்டல்கள் கைபேசிக்கு அனுப்பப்பட்டன என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. உண்மையாகவே இருக்கட்டும். அந்தக் குடும்பத்திற்குத் தேவைப்பட்டது நினைவூட்டல் அல்ல, பணம்.

பணத்தோடு அறிவும் ஒரு முதலீடாகிவிட்டது. ஒதுக்கப்பட்ட இடத்தை அப்படியே உறுதி செய்வதா, அதே நிறுவனத்தில் வேறு பிரிவுக்குக் காத்திருப்பதா, வேறு நிறுவனத்துக்குக் காத்திருப்பதா என்று மூன்று வழிகளில் ஒன்றை மாணவர் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறாக ஒன்றைச் சொடுக்கினால் பிடித்த இடம் கைநழுவும். பொது நுழைவுத் தேர்வை 13 மொழிகளில் எழுதலாம். இடத்தை ஏற்பதற்கான விதிகளைப் படிக்கப் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி மையங்கள் இந்த ஆலோசனையையும் தனி விலைக்கு விற்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்பவருக்கு ஊரில் கேட்க ஆளில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மற்றொரு பூட்டும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பல விடுதி இல்லாதவை. விடுதி உள்ளவற்றிலும் அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். விடுதி உண்டா என்று தெரியும் முன்பே இடத்தை ஏற்க வேண்டும் என்றால், தொலைதூர மாவட்டத்துத் தந்தை சொல்லும் பதில் என்னவாக இருக்கும் என்பது தெரிந்ததே. மகனுக்காகக் கடன் வாங்கும் குடும்பம் மகளுக்காக, உள்ளூரிலேயே படிக்கட்டும் என்று முடிவெடுக்கிறது. அந்த முடிவும் மாணவியின் விருப்பமாகவே பதிவாகிறது.

பணம் வந்ததும் பதில் மாறியது

மறுத்தவர்கள் விருப்பமில்லாமல் மறுக்கவில்லை என்பதற்குத் தமிழ்நாட்டில் தெளிவான சான்று உண்டு. 2020 நவம்பரில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் கீழ் முதன்முறையாக மருத்துவக் கலந்தாய்வு நடந்தது. தனியார் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களில் சிலர் கட்டணத்தைக் கேட்டதும் கண்ணீருடன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திரும்பினர். கண்டனம் எழுந்த பிறகு, சில நாட்களிலேயே கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அன்றைய அரசு அறிவித்தது. அதன் பின் அதே பிரிவு மாணவர்கள் அதே இடங்களை ஏற்றனர். அறிவிப்புக்கு முன்பே மறுத்துவிட்டவர்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் ஒதுக்கீடு விரிவுபடுத்தப்பட்டபோது, பயிற்றுக் கட்டணத்தோடு விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களையும் அரசு ஏற்றது.

ஒரு மாநில அரசால் செய்ய முடிந்ததை, ஐஐடிகளையும் மத்தியப் பல்கலைக்கழகங்களையும் நடத்தும் ஒன்றிய அரசால் செய்ய முடியாது என்பதற்கு நிதிக் காரணம் எதுவும் இல்லை. ஏற்புக் கட்டணம் என்பது பின்னர் கல்லூரிக் கட்டணத்தில் ஈடு செய்யப்படும் தொகைதான். அதனைச் சேர்ந்த பிறகு வாங்குவதால் அரசுக்கு இழப்பு மிகச் சிறிது. ஒருவரின் வாழ்க்கைக்கோ அதுதான் எல்லாம்.

கோரிக்கையும் களப்பணியும்

எனவே இடதுசாரி இயக்கமும் மாணவர் அமைப்புகளும் சேர்க்கைப் பிரச்சனையில் சில குறிப்பான கோரிக்கைகளை உரத்து எழுப்ப வேண்டியுள்ளது. அரசு நிறுவனங்களில் இடத்தை ஏற்பதையும் பணம் கட்டுவதையும் பிரிக்க வேண்டும். மாணவரின் சம்மதமே ஏற்பாகக் கொள்ளப்பட வேண்டும். பயிற்றுக் கட்டண விலக்குக்கோ உதவித்தொகைக்கோ உரிய மாணவரிடம் வாசலில் எந்தத் தொகையும் கேட்கக் கூடாது. பதில் வராதபோது, இடத்தை ரத்து செய்யும் முன் காரணம் கேட்டறியும் பொறுப்பு நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். வங்கிப் பரிமாற்றம், இணையக் கோளாறு, பணமின்மை ஆகியவற்றால் தவறியவர்களுக்கு, நீதிமன்றம் செல்லாமலே கூடுதல் இடம் வழங்கும் நிலையான விதி வேண்டும். விடுதி ஒதுக்கீடும் சேர்க்கையுடன் ஒரே நேரத்தில் அறிவிக்கப்பட வேண்டும். கட்டணத் திருப்பத்திற்கான மானியக் குழுவின் அறிவிக்கை, மீறினால் தண்டனை உண்டு என்ற வலுவுடன் சட்டமாக வேண்டும். இடம் பெற்றும் சேராதவர்களின் எண்ணிக்கையையும் காரணத்தையும் சாதி, பாலினம், வருமானம் வாரியாக ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

இவை நிறைவேறும் வரை காத்திருக்க முடியாத பணி ஒன்றும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரையிலான சேர்க்கைப் பருவத்தில், கட்சிக் கிளைகளும் மாணவர், வாலிபர், மாதர் அமைப்புகளும் தத்தம் பகுதியில் உதவி மையங்களை நடத்த முடியும். கல்லூரி ஆசிரியர்களும் வங்கி, காப்பீட்டு ஊழியர் சங்கத் தோழர்களும் நிறைந்த இயக்கம் இது. இணைய வசதி, சான்றிதழ் பதிவேற்றம், விதிகளைத் தாய்மொழியில் விளக்குதல், தவறாகப் பிடித்து வைத்த சான்றிதழை மீட்க மனு எழுதுதல் ஆகியவற்றுக்கு அவர்களின் திறன் போதுமானது. தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் புலம்பெயர்ந்து வாழும் தொழிலாளர் குடியிருப்புகளில் இத்தேவை இன்னும் கூடுதல். அங்குள்ள பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் ஒரு மாநிலத்திலும், சேர்க்கை இன்னொரு மாநிலத்திலும் இருக்கும். சில ஆயிரம் ரூபாயை நான்கு நாட்களுக்குக் கைமாற்றாகத் தரும் ஒரு சிறு நிதியைத் தொழிற்சங்கங்கள் ஏற்படுத்தினால், அதுவே பலரின் படிப்பைக் காக்கும்.

உதவி மையம் தொண்டு நிறுவனத்தின் வேலையாகச் சுருங்கிவிடாமலிருக்க, அங்கு ஒரு பதிவேடு கட்டாயம் வேண்டும். யாருக்கு எங்கே இடம் கிடைத்தது, எத்தனை நாள் அவகாசம், எவ்வளவு தொகை கேட்கப்பட்டது, யார் சேர முடியாமல் போனார், ஏன் என்ற விவரங்கள், மாணவரின் சம்மதத்துடன், அதில் எழுதப்பட வேண்டும். அரசு கணக்கெடுக்க மறுப்பவர்களை இயக்கம் கணக்கெடுக்கட்டும். மாவட்டம் தோறும் திரளும் அந்தப் பட்டியலை ஆட்சியரிடமும் துணைவேந்தரிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாக அமைச்சரிடமும் கொண்டு செல்ல முடியும். அடுத்த கலந்தாய்வுக்கான அறிவிப்பு வெளிவரும் முன்பே, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவர்களின் வீடுகளுக்குச் சென்று இந்தப் பணியைத் தொடங்கலாம்.